நாலு மூலையில் நின்ற வெளிச்சம்: இங்கிலாந்துக் கால்பந்தின் ராத்திரிக் கதை

1878 அக்டோபர் 14, திங்கட்கிழமை ராத்திரி. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் பிரமால் லேன் மைதானம். அடிப்படையில் அது கிரிக்கெட்டுக்காகப் போட்ட மைதானம். அன்றைக்கு அதன் நாலு மூலையிலும் 30 அடி உயரத்துக்கு மரச் சாரம் கட்டி, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு விளக்கை ஏற்றியிருந்தார்கள். இரண்டு கோல் கம்பங்களுக்கும் பின்னால் நீராவி எஞ்சின்கள், அவை சுழற்றும் சீமென்ஸ் டைனமோக்கள். ஊர் ஆட்டக்காரர்களையே சிவப்பு, நீலம் என்று இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். நீலம் 2-0 என்று ஜெயித்தது.

ஜெயித்தது யார் என்பது அன்றைக்கு யாருக்கும் முக்கியமாக இருந்திருக்காது. வந்த கூட்டம் ஏறத்தாழ 20,000 என்கிறார்கள். காசு கொடுத்து உள்ளே போனவர்கள் 12,000 சொச்சம்தான். மைதானத்துக்குள் வெளிச்சம், வேலிக்கு வெளியே கும்மிருட்டு. மிச்சப் பேர் எப்படி உள்ளே வந்தார்கள் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். எடிசன் தன் பல்பை ஊருக்குக் காட்டியது 1879இல். அதாவது வீட்டுக்குள் மின்விளக்கு வருவதற்கு முன்பே கால்பந்து மைதானத்துக்கு வந்துவிட்டது. அந்த விளக்கு பல்பு இல்லை, கார்பன் ஆர்க். நம்ம ஊர் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் ரூமுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இரண்டு கார்பன் குச்சிகளை லேசாக விலக்கிவைத்து மின்சாரம் பாய்ச்சினால், இடைவெளியில் கண்ணைப் பறிக்கிற ஒரு வெள்ளைச் சுடர் எரியும். எரிய எரியக் குச்சி கரையும், இடைவெளி கூடும். அதை அப்பப்போ சரி பண்ணாவிட்டால் படம் மங்கும், தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். (எரிந்து மிஞ்சின குச்சித் துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.) கூரைக்கு அடியில் இருக்கிற கொட்டகையிலேயே இந்தப் பாடு என்றால், திறந்தவெளியில் காற்றில், மரச் சாரத்தின் உச்சியில் அது என்ன பாடுபடுத்தியிருக்கும்! அந்தக் குளிர்காலத்தில் பல ஊர்களில் இதே மாதிரி செய்து பார்த்தார்கள். சில இடங்களில் எரிந்தது, சில இடங்களில் அணைந்தது. புதுமை மோகம் சீக்கிரமே தீர்ந்துபோனது.

அந்த ராத்திரியின் இரண்டு கேப்டன்களும் அண்ணன் தம்பிகள். சார்லஸ் கிளெக், வில்லியம் கிளெக். இதில் சார்லஸ் என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

எதற்காக ராத்திரி வெளிச்சம் வேண்டும்? நமக்கு இந்தக் கேள்வியே சரியாகப் புரியாது. இங்கே டிசம்பரிலும் ஆறு மணி வரைக்கும் பந்து தெரியும். லண்டனில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடும், வடக்கே போகப் போக இன்னும் சீக்கிரம். கால்பந்தோ குளிர்கால விளையாட்டு. அதனால் சனிக்கிழமை மதியம் இரண்டு, இரண்டேகால் மணிக்கே ஆட்டத்தைத் தொடங்கியாக வேண்டும். வாரநாளில் ஆட்டம் என்றால் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு மத்தியானம் போகவேண்டும். சுரங்கமும் மில்லும் துறைமுகமும்தான் இந்த விளையாட்டின் ரசிகர் கூட்டம். வேலை முடிந்து அவர்கள் வெளியே வரும்போது இருட்டிவிட்டிருக்கும். ஆக, கால்பந்தை ராத்திரிக்குக் கொண்டுவருவது என்றால் அதை உழைக்கிறவர்களின் ஓய்வு நேரத்துக்குக் கொண்டுவருவது என்றே அர்த்தம்.

இதை முதலில் பெரிய அளவில் நிரூபித்தவர்கள் பெண்கள். பிரஸ்டன் நகரில் டிக், கெர் என்று ஒரு கம்பெனி. டிராம் வண்டிகளும் மின் சாதனங்களும் செய்கிறவர்கள், முதல் உலகப்போர் காலத்தில் குண்டுகளும் செய்தார்கள். ஆண்கள் போருக்குப் போக, ஆலைக்குள் வந்த பெண்கள் உணவு இடைவேளையில் பந்து உதைக்க ஆரம்பித்து, கடைசியில் நாட்டிலேயே பெரிய பெண்கள் அணியாக வளர்ந்தார்கள். டிக், கெர் லேடீஸ். 1920 டிசம்பர் 16 அன்று, வேலையில்லாமல் கிடந்த முன்னாள் சிப்பாய்களுக்கு நிதி திரட்ட, பிரஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் ஒரு ராத்திரி ஆட்டம் ஏற்பாடு செய்தார்கள். விளக்குக்கு எங்கே போவது? போரில் எதிரி விமானங்களைத் தேடப் பயன்பட்ட ராணுவ சர்ச்லைட் இரண்டைக் கேட்டு வாங்கினார்கள். அனுமதி தந்தவர் அன்றைய போர்த்துறை அமைச்சர். பெயர் வின்ஸ்டன் சர்ச்சில்! பந்து கண்ணுக்குத் தெரிவதற்காக அதற்கு வெள்ளையடித்தார்கள். 12,000 பேர் வந்தார்கள், 600 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. பத்து நாள் கழித்து லிவர்பூலின் குடிசன் பார்க்கில், இது பகல் ஆட்டம், இதே அணியைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள்.

அடுத்த வருஷமே, 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், அதாவது எஃப்.ஏ., ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருத்தமில்லாத விளையாட்டு, எனவே சங்கத்தைச் சேர்ந்த கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்கள் ஆட்டத்துக்குத் தரக்கூடாது. இந்தத் தடை விலக 1971 ஆனது. ஐம்பது வருஷம்.

அதே எஃப்.ஏ. 1930இல் இன்னொரு தடை போட்டது. எந்த உறுப்பினர் கிளப்பும் விளக்கு வெளிச்சத்தில் ஆடக்கூடாது.

இந்த இரண்டு தடைகள் வந்தபோதும் எஃப்.ஏ.யின் சேர்மன் ஒருவரேதான். 1923 முதல் தலைவர் பதவியும் அவரிடமே. ஷெஃபீல்ட்காரர், தொழிலில் வக்கீல், 1872இல் இங்கிலாந்து ஆடிய முதல் சர்வதேசப் போட்டியில் ஆடியவர். சர் சார்லஸ் கிளெக். ஆமாம், பிரமால் லேனில் மரச் சாரத்து வெளிச்சத்தில் கேப்டனாக நின்ற அதே கிளெக்!

இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. உலகத்தின் முதல் ஃப்ளட்லைட் ஆட்டத்தில் ஆடியவர், அரை நூற்றாண்டு கழித்து ஃப்ளட்லைட்டையே தடை செய்யும் அமைப்பின் உச்சியில் இருக்கிறார். கமிட்டித் தீர்மானத்தை ஒரு ஆளின் தலையில் கட்டுவது நியாயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு யோசனை. அவருக்குத் தெரிந்த ஃப்ளட்லைட் என்பது 1878இன் ஃப்ளட்லைட். சீறும், நடுங்கும், பாதியில் அணையும், காசு கொடுக்காத கூட்டத்தை உள்ளே விடும். எங்கள் தொழிலிலும் இந்த ரகம் உண்டு. ஒரு டெக்னாலஜியின் முதல் வெர்ஷனைப் பார்த்த சீனியரிடம், அது இப்போ மாறிவிட்டது என்று சொல்லிப் புரியவைப்பது, எதுவுமே பார்க்காதவரிடம் சொல்வதைவிடக் கஷ்டம்.

சொல்லிப் பார்த்த ஒருவர் உண்டு. ஆர்சனல் அணியின் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மேன். மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த கில்லெஸ்பி ரோடு சுரங்க ரயில் நிலையத்தின் பெயரையே 1932இல் 'ஆர்சனல்' என்று மாற்றவைத்த மனுஷன். ஐரோப்பாவில் விளக்கு வெளிச்சத்தில் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, ஹைபரி மைதானத்தில் விளக்கைப் பொருத்தியேவிட்டார். பயிற்சிக்கு வைத்துக்கொள், போட்டிக்குக் கூடாது என்றது எஃப்.ஏ. சாப்மேன் 1934 ஜனவரியில் நிமோனியாவில் இறந்துபோனார். ஹைபரியில் முறைப்படி முதல் ஃப்ளட்லைட் ஆட்டம் நடந்தது 1951 செப்டம்பர் 19 அன்று, இஸ்ரேலின் ஹபோயல் டெல் அவிவ் அணிக்கு எதிராக. நடுவில் பதினேழு வருஷம், ஒரு உலகப்போர்.

தடை விலகியது 1950 டிசம்பரில். அப்புறம் நடந்தது ஒரு மாதிரி அவசரம். சவுத்தாம்டன், ஸ்விண்டன் மாதிரி பெரிய பெயர் இல்லாத கிளப்புகள்தான் முந்திக்கொண்டன. 1955இல் எஃப்.ஏ. கோப்பையில் முதல் ஃப்ளட்லைட் ஆட்டத்தை ஆடியவை கிடர்மின்ஸ்டர், பிரையர்லி ஹில் என்று நாம் கேள்விப்பட்டே இராத இரண்டு அணிகள். லீக் போட்டிக்கு அனுமதி கிடைத்தபோது, முதல் ஆட்டம் 1956 பிப்ரவரி 22, போர்ட்ஸ்மத்தின் ஃபிராட்டன் பார்க்கில், நியூகாசிலுக்கு எதிராக. வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த ராத்திரியில் ஃப்யூஸ் போய்விட்டது. ஆட்டம் அரைமணி நேரம் தாமதம், பத்திரிகைக்காரர்கள் மெழுகுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு செய்தி எழுதினார்கள். நியூகாசில் 2-0. புரொடக்‌ஷன் ரிலீஸ் அன்றைக்கு சர்வர் படுத்துக்கொள்வது நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை என்று தெரிகிறதா?

ஆனா இந்தக் கதையின் உண்மையான உச்சம் அதற்கு முன்பே, வுல்வர்ஹாம்ப்டன் நகரில் நடந்துவிட்டது. வுல்வ்ஸ் அணி தன் மொலினூ மைதானத்தில் 1953இல் விளக்கு போட்டது. போட்டவுடன் ஐரோப்பாவின் பெரிய அணிகளை ராத்திரி ஆட்டத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தது. வெளிச்சத்தில் மின்னுகிற மாதிரி ஒரு பளபளப்புத் துணியில் தங்கநிறச் சட்டை தைத்துக்கொண்டார்கள். 1954 நவம்பரில் மாஸ்கோவின் ஸ்பார்டக் 4-0 என்று தோற்றுப்போனது. டிசம்பர் 13 அன்று வந்தது ஹங்கேரியின் ஹோன்வேட்.

ஹோன்வேட் என்றால் புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர், போசிக். ஒரு வருஷம் முன்பு வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்றும், அடுத்து புடாபெஸ்டில் 7-1 என்றும் துவைத்துக் காயப்போட்ட ஹங்கேரி அணியின் முதுகெலும்பு. கால்பந்தை நாங்கள்தான் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்டுக்கு அது ஆறாத ரணம். மொலினூவில் ஏறத்தாழ 55,000 பேர். முதல் கால்மணி நேரத்துக்குள்ளேயே ஹோன்வேட் 2-0. இரண்டாம் பாதியை பிபிசி நேரலையாகக் காட்டியது. அதில் ஒரு பெனால்டி, அப்புறம் ஸ்வின்போர்ன் அடித்த இரண்டு கோல். வுல்வ்ஸ் 3-2. சேறும் விளக்கும் ஆவி பறக்கும் கூட்டமுமாக, கறுப்பு வெள்ளைத் திரையில் நாட்டு மக்கள் பார்த்தார்கள். அந்தத் தலைமுறை ஆங்கிலேயர்களுக்கு 'ஃப்ளட்லைட்' என்றாலே இந்த ராத்திரிதான்.

இனி நாங்கள்தான் உலக சாம்பியன் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் ஆடித் தீர்த்தன. பாரிஸில் 'லெகிப்' பத்திரிகையின் கேப்ரியல் ஹானோவுக்கு இது பொறுக்கவில்லை. முதலில் மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் போய் ஜெயித்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம், அதற்கு ஐரோப்பிய கிளப்புகளுக்கு என்று முறையான ஒரு போட்டியே வேண்டும் என்று எழுதினார். 1955இல் ஐரோப்பியக் கோப்பை தொடங்கியது, இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் தாய். வார நடுவில் ராத்திரி ஆடமுடியும் என்பதால்தான் அப்படி ஒரு போட்டியே சாத்தியமானது. சனிக்கிழமை உள்நாட்டு லீக், புதன்கிழமை ஐரோப்பா. விளக்கில்லாத கிளப்புக்கு அந்த உலகத்தில் இடமில்லை. மான்செஸ்டர் யுனைடெட் 1956இல் முதல்முறை ஐரோப்பாவுக்குப் போனபோது ஓல்டு டிராஃபோர்டில் ஃப்ளட்லைட் கிடையாது. பரம எதிரியான மான்செஸ்டர் சிட்டியின் மெய்ன் ரோடு மைதானத்தில் போய் ஆடினார்கள். ஆண்டர்லெக்டை 10-0 என்று அடித்ததும் அங்கேதான். சொந்த வீட்டில் விளக்கு எரிந்தது 1957 மார்ச்சில்.

சரி, அந்தக் கோபுரங்களுக்கு வருவோம். இரண்டாயிரங்களின் நடுவில் வேலை நிமித்தம் கொஞ்ச காலம் இங்கிலாந்தில் இருந்தேன். ஆபீஸில் கூட வேலை பார்த்தவர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், தன் சின்ன வயதில் வெளியூர் ஆட்டத்துக்குப் போவது பற்றிச் சொல்வார். மேப் கிடையாது, யாரிடமும் வழி கேட்பதில்லை. ரயிலை விட்டு இறங்கி வானத்தைப் பார்ப்பது, நாலு கோபுரம் எங்கே தெரிகிறதோ அந்தப் பக்கம் நடப்பது. கேட்டவுடன் எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பஸ் பயணங்கள் ஞாபகம் வந்தன. வயலுக்கு அப்பால் கோபுரம் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று பையைத் தூக்குவோமே, அதுதான். தேவாலயக் கூம்பும் ஆலைப் புகைபோக்கியும் ஃப்ளட்லைட் கோபுரமும்தான் அந்தத் தொழில் நகரங்களின் வான்கோடு.

ஏன் அவ்வளவு உயரம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டக்காரர் நிமிர்ந்தால் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கக்கூடாது. அதற்கு மைதானத்தின் நடுவிலிருந்து பார்க்கும்போது விளக்கு ஏறத்தாழ 25 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருப்பது நல்லது என்பது விளக்குப் பொறியாளர்களின் கைவழக்கு. மைதானம் 105க்கு 68 மீட்டர். நடுவிலிருந்து மூலைக்கு 62 மீட்டர் சொச்சம். கேலரியைத் தாண்டிக் கோபுரம் நிற்க இன்னும் ஒரு 20, 25 மீட்டர். மொத்தம் 85 என்று வைத்து டேன் 25ஆல் பெருக்கினால் 40 மீட்டர். பதின்மூன்று மாடி! அழகுக்காக யாரும் கட்டவில்லை, கண் கூசாமல் இருக்கக் கட்டியது அழகாக அமைந்துவிட்டது.

அந்த வெளிச்சம் நல்ல வெளிச்சமா என்றால், இல்லை. நாலே இடத்திலிருந்து வருவதால் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நாலு நிழல், காலடியில் ஒரு பெருக்கல்குறி போல விழும். தூரம் கூடக் கூட வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும் என்பதால் மைதானம் முழுக்க ஒரே சீராகவும் இருக்காது. இன்றைக்கு ஐரோப்பாவின் உயர்மட்டப் போட்டிகளுக்கு 1,400 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் கேட்கிறார்கள். நம் ஆபீஸ் மேசைக்கு 500 லக்ஸ் போதும். மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அவ்வளவு தேவையில்லை, அது கேமராவுக்கு. பழைய வெளிச்சத்தின் ருசியே அந்தக் குறையில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். சுற்றிலும் ஊர் இருட்டு, நடுவில் மட்டும் பச்சை, வெளிச்சக் கற்றைக்குள் மழைத்தூறல் சாய்ந்து விழுவது தெரியும். ட்யூப் லைட் கட்டி நடக்கிற ராத்திரிக் கபடியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பகல் மாதிரியே வெளிச்சம் போட்டுவிட்டால் அப்புறம் அது என்ன ராத்திரி?

கோபுரங்கள் எரியாமல் நின்ற காலமும் உண்டு. எண்ணெய் நெருக்கடியும் சுரங்கத் தொழிலாளர் போராட்டமும் சேர்ந்து 1973-74 குளிர்காலத்தில் மின்சாரம் தட்டுப்பாடானபோது, ஃப்ளட்லைட்டுக்கு அரசு தடை போட்டது. பழையபடி பகல் ஆட்டம். இடம் பற்றாமல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தாண்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை நுழைவுக் கட்டணம் வாங்கச் சட்டம் விடாது. அதனால் அனுமதி இலவசம், ஆனா அணிப்பட்டியல் அச்சிட்ட தாளைக் காசு கொடுத்து வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள்! 1997இல் வேறு விதமான இருட்டு. நவம்பரில் வெஸ்ட் ஹாம் மைதானத்தில், டிசம்பரில் செல்ஹர்ஸ்ட் பார்க்கில், ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் விளக்குகள் அணைந்து ஆட்டம் கைவிடப்பட்டது. தற்செயல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1999 பிப்ரவரியில் சார்ல்டன் மைதானத்தில் ஒரு காவலாளியைக் கையில் போட்டுக்கொண்டு செய்த ஏற்பாடு பிடிபட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மலேசியாவிலிருந்து இயங்கிய சூதாட்டக் கும்பல். பாதி ஆட்டம் முடிந்து நின்றுபோனால், நிற்கும்போதிருந்த ஸ்கோருக்கே பந்தயப் பணம் என்பது அங்கத்திய வழக்கம். வேண்டிய ஸ்கோர் வந்தவுடன் சுவிட்சை அணைத்துவிட்டால் ஆயிற்று. தொலைவிலிருந்து இயக்கும் கருவியெல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து மெட்டல் ஹாலைடு விளக்கு ஒருமுறை அணைந்தால், ஆறி மறுபடி பிடிக்கப் பத்து, பதினைந்து நிமிஷம் ஆகும். எல்இடி அப்படியில்லை.

கோபுரங்களை வீழ்த்தியது சூதாடிகள் இல்லை, கூரை. 1989இல் ஹில்ஸ்பரோ நெரிசலில் 97 உயிர் போன பிறகு, டெய்லர் அறிக்கை வந்து, பெரிய மைதானங்கள் எல்லாம் இருக்கை போட்ட புதுக் கேலரிகளாக மாறின. உயரமான கூரை வந்ததும் அதன் விளிம்பிலேயே வரிசையாக விளக்கைப் பதித்துவிட்டார்கள். வெளிச்சம் சீராக விழுகிறது, நிழல் கலைந்துவிட்டது, மூலையில் இடமும் மிச்சம். என்ஜினியராக என்னால் ஒரு குறை சொல்லமுடியவில்லை. அந்த மைதானங்கள் பாதுகாப்பானதற்கும் கோபுரம் போனதற்கும் காரணம் ஒன்றே என்பதால், ஏக்கத்தைக் கூடக் கொஞ்சம் அடக்கித்தான் பேசவேண்டியிருக்கிறது. ரயில் ஜன்னலிலிருந்து மட்டும் இப்போது மைதானம் எது, பெரிய சூப்பர் மார்க்கெட் எது என்று சட்டென்று தெரிவதில்லை.

கார்லைல், பீட்டர்பரோ மாதிரி பணம் குறைந்த கிளப்புகளின் ஊர்களில்தான் பழைய கோபுரங்கள் நெடுநாள் தாக்குப்பிடித்தன. புதுக் கேலரி கட்ட வசதியில்லாத இடத்தில்தான் பழசு தங்கும். நம்ம ஊர் சிறு நகரத் தியேட்டர்களும் அப்படித்தானே. இதில் எனக்குப் பிடித்த கதை கிரிம்ஸ்பி டவுனுடையது. மீன்பிடித் துறைமுகத்து அணி, ஹம்பர் கழிமுகத்தின் ஓரம் பிளண்டல் பார்க் மைதானம், எப்போதும் கைக்கும் வாய்க்குமான நிலைமை. வுல்வ்ஸ் இன்னும் உயரமான புது விளக்குகளுக்கு மாறியபோது, கழித்துப்போட்ட பழைய கோபுரங்களை கிரிம்ஸ்பி செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தியது. புஷ்காஷின் தலைக்கு மேல் எரிந்த அதே இரும்பு. மொலினூவில் சில வருஷம்தான் நின்றது. இங்கே, கடல் உப்புக் காற்றில், கீழ் டிவிஷன் ஆட்டங்களுக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. சில வருஷங்களுக்கு முன்புதான் அதையும் இறக்கிவிட்டுப் புதுசு போட்டார்கள்.